பயத்துக்கு மருந்து தந்த டாக்டர்

டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். 1988-ல் முதல் உலக எய்ட்ஸ் தினம் நடந்தபோது, உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் திட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் ஜானதன் மான். அவர் நம்ம கல்லூரிக்காரர் இல்லைதான். ஆனாலும் வார்டில் வேலை பார்த்த நாம் எல்லோருமே அவருக்குக் கடன்பட்டவர்கள். அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி நாலு வார்த்தை.

1947-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். 1974-ல் மருத்துவப் பட்டம். பிறகு நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிளேக் முதலான தொற்றுநோய்களின் தடம் தேடும் வேலை. 1984-ல் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். ஜயர் நாட்டின், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின், தலைநகர் கின்ஷாசாவில் எய்ட்ஸ் ஆராய்ச்சியைத் தொடங்கி நடத்தினார்.

அங்கே மாமா யேமோ என்ற பெரிய ஆஸ்பத்திரி. நோயாளியைத் தொட்டாலே ஒட்டிக்குமோ என்று உலகமே நடுங்கிய காலம் அது. தைரியமா இருங்க என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மான் அப்படிச் செய்யவில்லை. அவரும் கூட்டாளிகளும் 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நோயாளியைத் தொட்டுப் பராமரித்தவர்களுக்கும், ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களுக்கும் தொற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. 1986-ல் வெளிவந்த அந்த முடிவுதான் பயந்த மனசுக்குக் கிடைத்த மருந்து.

அதே 1986-ல் நம்ம சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். மான் அந்த ஆண்டு ஜெனீவா போய் உலகத் திட்டத்தைக் கட்டி எழுப்பினார். நோயாளியை ஒதுக்கினால் அவர் ஒளிந்துகொள்வார், நோய்தான் பரவும் என்பது அவரது வாதம். மேலிடத்தோடு கருத்து வேற்றுமை முற்றியதும் 1990-ல் பதவியை உதறினார். ஹார்வர்டில் ஆரோக்கியத்தையும் மனித உரிமையையும் இணைத்துப் பாடம் நடத்தினார்.

1998 செப்டம்பர் 2. ஜெனீவா போன சுவிஸ்ஏர் விமானம் கனடா கடலில் விழுந்து 229 பேரும் மாண்டனர். அதில் மானும், தடுப்பூசி ஆராய்ச்சியாளரான அவர் மனைவி மேரி லூவும் இருந்தார்கள். அவருக்கு வயது 51.

ராத்திரி டியூட்டியில் ஊசி குத்திவிட்டால், யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவித்த காலம் நமக்கு மறக்குமா? தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்குச் சுமார் 3 என்பது இன்று தெரியும். குத்திய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, முடிந்தவரை சீக்கிரமாக, 72 மணி நேரம் தாண்டாமல் தடுப்பு மாத்திரை தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். ஊழியருக்குப் பாதுகாப்பான பணியிடம், பயிற்சி, இந்த மாத்திரை எல்லாமே 2017-ன் எச்.ஐ.வி. சட்டப்படி நம் நாட்டில் உரிமை.

மலரைப் படிக்கும் இளைய தம்பி, தங்கைகளே! உங்க ஜூனியர் நர்ஸ் பயந்தால் கோபிக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்லுங்க. விவரம் தெரிந்த கை நோயாளியைத் தள்ளாது. டாக்டர் மானுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.