நாவலரவர்களும் சைவப் பள்ளிச் செலவும்

சமயக் கல்வியோடு கூடிய தனிப் பள்ளியிலே பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர், அப்பள்ளி கேட்கும் பணத்தைக் கேட்டவளவில் மலைத்து நிற்றல் நாம் நாடோறுங் காண்பதொன்று. ஆசிரியத் தொழில் பூண்ட நம்மிடத்து வந்து, சமயம் கற்பிப்பதற்கும் விலையுண்டோ என்று வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஒரு காசும் வாங்காது கற்பித்த பெரியார் ஒருவருடைய சரித்திரத்தை நோக்குவோமாயின், இலவசமாகிய கல்விக்கும் எங்கோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பது புலனாகும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களுடைய வாழ்க்கையை இம்முறை அக்கண் கொண்டே நம் சங்கத்து அன்பர்களுக்கு எழுதப் புகுந்தோம். அவருடைய புலமையும் வாதத்திறமும் பலராலும் விரித்துரைக்கப்பட்டன. ஆதலின் அவற்றைச் சுருக்கிச் செல்வோம்.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய புதல்வராய்த் தோன்றினார். இளம்பருவத்திலேயே தந்தையை இழந்தார். இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் நூல்களைப் பாடங் கேட்டார். ஆங்கிலத்தை உவெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளியிலே கற்று, 1841-ஆம் ஆண்டு முதலாக அப்பள்ளியிலேயே ஆசிரியருமாயினார். பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்கு வலக்கையாய் நின்றவரும் இவரே.

அக்காலத்து யாழ்ப்பாணத்திற் கல்விக்கு யார் பொருள் கொடுத்தார் என்பதை இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். அமெரிக்க மிஷனார் 1816-ஆம் ஆண்டிலே அங்கு வந்து ஊர்தோறும் பள்ளி அமைத்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்தரப் பள்ளியும் நிறுவினர். அங்கே சேர்ந்த பிள்ளைகளுக்குப் போதனை மட்டுமன்று. சோறும் துணியும் உறைவிடமும் கிடைத்தன. இவற்றுக்கெல்லாம் வேண்டிய பணம் கடல் கடந்து, கண்ணாற் காணாத அன்பர்களிடமிருந்து வந்தது. பணங் கொடுத்த அமெரிக்கருடைய பெயரையே பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை என்னும் புலவர் பெயர்களில் முன்னின்ற பகுதி அவ்வழக்கத்தின் அடையாளம். சைவக் குடும்பத்துத் தாய் தந்தையர் தம் பிள்ளையை அங்கே விடுத்தபோது கையிலிருந்து ஒன்றும் கொடுத்திலர். பிள்ளையின் பெயரையும், பலவிடத்துச் சமயத்தையும் கொடுத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வேறு பள்ளி எங்கே இருந்தது? திண்ணைப் பள்ளியிற் கற்றவன் கச்சேரி உத்தியோகத்துக்குப் போதல் இயலாது.

இந்நிலையை மாற்றுவதற்கு வாய்ச்சொல் போதாதென்பதை நாவலரவர்கள் நன்கு உணர்ந்தார். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கியவர், மறுவருடமே அவ்வூரிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். உடனே பெர்சிவல் பாதிரியாரிடத்துப் பெற்று வந்த உத்தியோகத்தையும் துறந்தார். வேதனத்தை மிகுத்துத் தருவதாகப் பாதிரியார் சொல்லியும் அவர் இசைந்திலர் என்று அவருடைய சரித்திரம் எழுதினோர் கூறுவர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறும் நிரம்பவில்லை. தமையன்மார் உத்தியோகங்களில் அமர்ந்து பொருளீட்டி இல்லறம் நடத்தினர். இவரோ விவாகமும் செய்துகொண்டிலர். மனைவி மக்களுக்குச் செலவிடும் பொருளும் பொழுதும் பள்ளிக்கு ஆகட்டும் என்பது அவர் கருத்து. இலவசக் கல்வியின் முதற்கணக்கிலே ஒருவருடைய மாதச் சம்பளமும் ஒரு குடும்பமும் செலவாக எழுதப்பட்டன என்று நாம் கொள்வோம்.

ஆசிரியர்களாய் அமர்ந்தவர் பெரும்பாலும் அவரிடத்தே கற்ற மாணாக்கர். அவர்களுள் நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை இறுதிவரையும் நிழல்போல உடனிருந்தவர். பிள்ளைகளிடத்து ஒன்றும் பெறாத பள்ளி, ஆசிரியருக்கு எவ்வாறு கொடுக்கும்? வண்ணார்பண்ணையிலிருந்த அன்பர் சிலர் உதவினர். ஆயினும் ஒரு திருவிழாவுக்கு மகிழ்ந்து கொடுக்கும் கை, மாதந்தோறும் வரும் பள்ளிச் செலவுக்கு அவ்வாறு நீள்வதில்லை. திருவிழா கண்ணுக்குத் தெரியும். அரிச்சுவடி படிக்கும் பிள்ளை தெரிவதில்லை.

பணத்தினும் பெரிய முட்டுப்பாடு நூல். கற்பிப்பதற்கு அச்சிட்ட புத்தகமின்றேல் ஏட்டை நம்பியே ஆசிரியர் நடத்தல் வேண்டும். மிஷனாரிடத்தோ அச்சியந்திரம் இருந்தது. ஆகவே 1849-இல் நாவலரவர்கள் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழ்நாட்டுக்குச் சென்றார். திருவாவடுதுறை ஆதீனத்திலே பிரசங்கித்து நாவலர் என்னும் பட்டம் பெற்றது அப்பயணத்திலேதான். பட்டத்தை நாமெல்லாரும் நினைவிற் கொண்டுள்ளோம். அவர் சென்றதோ யந்திரத்துக்காக. யந்திரத்தோடு மீண்டு வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நாட்டினார். பாலபாட வரிசையும், இலக்கணச் சுருக்கமும், சைவ வினாவிடையும், பெரியபுராண வசனமும் பள்ளிப் பிள்ளையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. எழுத்தறியாத பிள்ளை சிறு சிறு வாக்கியங்களிற் புகுந்து, படிப்படியாய்ப் புராண வசனத்தைத் தானே படிக்கும் நிலைக்கு ஏறும்படி அவற்றை அமைத்தார். நூல் எழுதுவோரும் பிழை திருத்துவோரும் அச்சிடுவிப்போரும் அவரேயானமையின், ஒரு பள்ளிக்கு வேண்டிய பெருஞ்செலவு ஒரு மனிதருடைய உறக்கத்தில் அடங்கிற்று. திருக்குறட் பரிமேலழகருரையையும் திருக்கோவையாருரையையும் அவர் பதிப்பித்தபோது இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் பொருளுதவி புரிந்தார். பாலபாடத்துக்கு அத்தகைய பிரபு வாய்த்ததாக நாம் அறியோம்.

1864-ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. இதற்காக அவர் விஞ்ஞாபனங்கள் அச்சிட்டு விடுத்தும், ஊர்ஊராய்ச் சென்றும் பொருள் சேர்த்தார். கல்வியில் நிகரற்ற ஒருவர் கதவு கதவாய் நின்று கேட்டல் எளிய காரியமன்று. பள்ளிக் கட்டடத்துக்கு நன்கொடை கேட்டு ஒருமுறையேனும் சென்றவர் இதனை அறிவர். தருவதாக எழுதியவர் பலர் தராமலும் இருப்பர். அவர்களை மறுமுறை காணும்போது முகங்கோணாமல் வணங்குதலும் வேண்டும்.

அரசாங்கத்திடமிருந்தோ நெடுங்காலம் யாதொன்றும் கிடைக்கவில்லை. இலங்கையில் உதவிப்பணம் பெரும்பாலும் மிஷன் பள்ளிகளுக்கே சென்றது. 1869-இல் கல்வித் திணைக்களம் அமைந்து, பிற பாடங்களின் தேர்ச்சியை நோக்கி உதவும் முறை வந்த பின்னரே சைவப் பள்ளிக்கும் வழி திறந்தது. வண்ணார்பண்ணைப் பள்ளி அதற்குமுன் இருபது வருஷம் தன் காலில் நின்றுவிட்டது.

தமிழ்ப் பள்ளி நின்றது. ஆங்கிலப் பள்ளி நிற்கவில்லை. ஆங்கிலம் வேண்டியே சைவப் பிள்ளைகள் மிஷன் பள்ளிக்குப் போகின்றனர் என்பதைக் கண்டு, 1872-இல் வண்ணார்பண்ணையிலே சைவ ஆங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். சில வருஷங்களுள் அது பொருளின்மையால் மூடப்பட்டது. தமிழ் கற்பிப்பதற்குத் தம் மாணாக்கர் இருந்தனர். ஆங்கில ஆசிரியர் அவ்வாறு வாய்ப்பவரல்லர். வேறிடத்து நல்ல சம்பளம் பெறக்கூடிய ஒருவரை அன்பினால் மட்டும் நெடுநாள் நிறுத்தல் ஒல்லாது. நாவலரவர்களுடைய வாழ்க்கையிலே நம்மை மிகவும் வருத்துவது இதுவே. அவருக்கு அறிவு குறையவில்லை, ஊக்கமும் குறையவில்லை. தம் மக்களுக்கு ஆங்கிலம் வேண்டுமென்று விரும்பிய குடும்பங்கள், அதனைத் தம் சமயத்தார் பள்ளியிற் பெறுவதற்குப் போதிய பொருள் தந்திலர்.

இன்னொரு செலவும் உண்டு. அதனைச் சாதிச் சங்கத்தின் ஏட்டிலே எழுத நாம் கூசவில்லை. நாவலரவர்கள் தம் காலத்துச் சாதி வரம்பைக் கடந்தவரல்லர். சமயத்திலும் கல்வியிலும் அதனை உறுதியாகவே போற்றினார். ஆதலின் இலவசம் என்னும் சொல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாரையும் தழுவியதன்று. ஒடுக்கப்பட்ட குடிகளிற் பிறந்த பிள்ளை எழுத்தறிய வேண்டின், அப்பிள்ளைக்கு மிஷன் பள்ளியே புகலாயிற்று. பெரியாரைப் போற்றுவோர் இக்கணக்கை மறைத்தால் கணக்கு முடியாது.

1877-ஆம் ஆண்டிலே பஞ்சம் வந்தது. பள்ளிக்குக் கேட்ட கையாலேயே கஞ்சித்தொட்டிக்கும் கேட்டு, பசித்தவர்களுக்கு உணவளித்தார். அவ்வுழைப்பினால் உடல் தளர்ந்தது. 1879-ஆம் ஆண்டு சட்ட நிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து நின்றதே அவர் கலந்துகொண்ட கடைசிப் பெரிய பொதுக்காரியம். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் தேதி இறைவனடி சேர்ந்தார். உரிமை பெறப் பிள்ளைகள் இல்லை. பள்ளிகளையும் யந்திரசாலையையும் சதாசிவப்பிள்ளை ஏற்று நடத்தினார்.

அவர் நிறுத்த நேர்ந்த ஆங்கிலப் பள்ளி வேறு வகையால் மீண்டும் தோன்றிற்று. 1888-இல் யாழ்ப்பாணத்திற் சைவபரிபாலன சபை கூடிற்று. 1890-இல் வண்ணார்பண்ணையிலே இந்துக்கல்லூரி அச்சபையின் ஆதரவில் நிலைபெற்றது. தனியொருவர் தோளில் நில்லாமல், சபையார் பொறுப்பிலும், அன்பர் நன்கொடையிலும், பெற்றோர் கட்டிய கட்டணத்திலும், பிற்காலத்து அரசாங்க உதவியிலும் அது நின்றது. 1923-இல் இந்துபோர்டு என்னும் சங்கம் எழுந்து, ஊர்தோறும் சைவத் தமிழ்ப் பள்ளிகளை நடத்திற்று. 1945-இல் இலங்கையிற் கல்வி இலவசமாயிற்று. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெற்ற பள்ளிகளுட் பெரும்பாலனவற்றை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. பிடி பிடியாய்ச் சேர்த்த பொருளாற் கட்டிய சைவப் பள்ளிகள் பலவும் அவற்றோடு சென்றன. சிதம்பரத்திலே அவர் தொடங்கிய பள்ளி அவர் பெயரைத் தாங்கி நடந்து வருகின்றது.