கப்பல் போயும் கலங்காத தலைவர்

வியாபாரத்தில் லாபமும் நஷ்டமும் உடன்பிறந்தவை என்பதை நம் சங்கத்து அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் நஷ்டம் வந்த நாளில் கல்லாவில் அமர்ந்திருப்பவரின் முகம் சுண்டினால், அந்தச் சுணக்கம் முதலில் கடைச் சிப்பந்திகளைத் தொடுகிறது; பிறகு வாடிக்கைக்காரரையும், இரவில் வீட்டாரையும் தொடுகிறது. கடை தொடங்க முதல் வேண்டும். முதல் போன பின்னும் நிலைத்து நிற்க மனத்திடம் வேண்டும். அந்தத் திடம் எப்படியிருக்கும் என்பதற்கு, கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் வாழ்க்கையை வியாபாரியின் கண்கொண்டு பார்ப்போம்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்த இவர், வக்கீல் தொழில் பார்த்துத் தூத்துக்குடியில் பெயர் பெற்றார். அந்நாளில் தூத்துக்குடி–கொழும்புக் கடல் வழி, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. பின்னாளில் நாகப்பட்டினத்திலிருந்து நம் பெரியவர்களைப் பினாங்குக்கு ஏற்றிவந்த ராஜூலா கப்பலும் அந்தக் கம்பெனியுடையதே. அப்பெரிய கம்பெனிக்கு எதிராக 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. அவற்றில் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வர்த்தகர். இதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம்.

கம்பெனிக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களும், எதிர்க் கம்பெனியாரின் நெருக்குதலால் பாதியில் நின்றுபோயின. பங்கு வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தலையில் கைவைத்து உட்கார வேண்டிய நேரம் அது. பிள்ளை அவர்களோ உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டத்தை நிற்கவிடாமல் காத்தார். அதன் பின் சொந்தக் கப்பல் வாங்கவென்று பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பிரயாணிகளும் 4,000 மூட்டைகளும் ஏற்ற இடமிருந்தது. எதிரிகள் கட்டணத்தை வெட்டினார்கள். இலவசமாக ஏற்றவும், மேலும் குடை கொடுக்கவும் முன்வந்தார்கள். அப்போதும் அவர் அசையவில்லை.

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் நூலாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி நடத்தும் தாமே தொழிலாளர் பக்கம் நின்றார். பசித்த குடும்பங்களுக்கு ஊரார் கைகொடுக்க வழி செய்தார். மார்ச் தொடக்கத்தில் ஆலையார் இறங்கிவந்து சம்பள உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இசைந்தனர். தம் கப்பலுக்கே ஆபத்து சூழ்ந்திருந்த நாளிலும், பிறர் அடுப்பு எரிகிறதா என்று பார்த்த தலைவர் அவர்.

அம்மாதமே கைதானார். ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் அவருக்கு 40 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தது. இச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப்போனார். மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார்; பிறகு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவர் உள்ளே இருக்கையில், 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது. ஊர் ஊராய் அலைந்து பங்கு சேர்த்து வாங்கிய கப்பல்கள் அவர் கண்ணில் படாமலே கைமாறின.

இந்த இடத்தில்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும். கப்பலைக் காக்க அவர் கையில் அன்று ஒன்றுமில்லை. ஆனால் தம் மனத்தைக் காக்க வழியிருந்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். அறநூலாகிய ‘மெய்யறம்’ சிறையில் உருவாகி 1914இல் வெளிவந்தது. அடைபட்ட நாள்களை அழுகையில் கழிக்காமல் வேலையாக மாற்றிக் கொண்டார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது சிறை வாயிலில் பெருங்கூட்டம் இல்லை. சுப்பிரமணிய சிவா முதலான சிலரே வந்திருந்தனர். வக்கீல் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார், நிலைக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமை திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் எல்லாம் இழந்தவர், ஓர் ஆங்கிலேயர் செய்த நன்மையை மறக்கவில்லை. கசப்பை நெஞ்சில் சேர்த்து வைத்தவரால் இது முடியுமா?

1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார். அதற்கு முன் எழுதிய உயிலில், ஜவுளிக்கடை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி, வீட்டு வாடகை என்று தாம் கொடுக்க வேண்டியவற்றைக் குறித்து வைத்தார். லட்சக்கணக்கில் மூலதனம் திரட்டியவர், சில்லறைக் கடனையும் மறைக்காமல் கணக்கு எழுதினார்.

நாற்சந்தி என்று பொருள்படும் பெயருடைய நம் சிம்பாங் அம்பாட்டில், நாலு திசை வியாபாரமும் நாலு திசைப் போட்டியும் உண்டு. சரக்கு தங்கும், கடன் வாங்கியவர் கைவிரிப்பார், நம்பிய ஆள் விலகுவார். துயரமே தோன்றக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை அவர்களும் கல்லால் ஆனவரல்லர். துயரத்தோடு உட்கார்ந்துவிடாமல், இன்று செய்யக்கூடிய ஒரு காரியம் எது என்று பார்த்துச் செய்வதும், நம் கோபத்துக்குச் சிப்பந்தியின் தலையைத் தேடாமலிருப்பதும், கெட்ட காலத்திலும் கணக்கை நேராக வைப்பதும் நம்மால் ஆகக்கூடியவையே. கம்பெனி ஐந்தாண்டில் மறைந்தது. அதை நடத்தியவரின் மனத்திடமோ, நூறாண்டு கடந்தும் நமக்குப் பாடமாக நிற்கிறது.