ஊர் வழக்கும் உலகப் பயணியும்

உலகம் சுற்றிய பெருமக்களை எண்ணுங்கால் இப்னு பதூதாவின் பெயரே நம் நினைவில் முன்னிற்கிறது. மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்த அன்னார், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்ற 1325இல் தனியராய்ப் புறப்பட்டார். அப்பயணம் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நீண்டது. அவர் கடந்த தொலைவைப் புகழ்ந்தோர் பலர். சென்ற ஊர்களில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கங்களோடு அவர் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அதனையே இங்கு நாம் காண விழைகிறோம்.

தில்லியில் முகம்மது பின் துக்ளக்கைக் காணச் செல்வோர் அன்பளிப்புடன் செல்லுதல் வேண்டும். சுல்தான் அதனினும் மிகுதியாகத் திருப்பி அளிப்பார். புதிதாய் வருவோர்க்கு இதன்பொருட்டே கடன் கொடுக்கும் வணிகரும் இருந்தனர். இப்னு பதூதாவும் கடன்பட்டே அன்பளிப்புப் பொருள்களை வாங்கினார். அக்கடன் பின்னர் அவரைப் பெரிதும் நெருக்கியது. அவர் கற்ற சட்டநூல் எதிலும் இவ்வழக்கம் எழுதப்பட்டிருக்கவில்லை.

தில்லியில் காஜியாக விளங்கிய அவர், பின்னர் மாலத்தீவிலும் அப்பதவியை ஏற்றார். அத்தீவினர் இறைபக்தி மிக்கோர். ஆட்சிபுரிந்தவர் கதீஜா என்னும் பெண்ணரசி. பெண்டிர் இடைக்குமேல் ஆடை அணியாதிருத்தல் அந்நாளில் அங்கு வழக்கமாயிருந்தது. அதனை மாற்ற அவர் ஆணையிட்டும் இயலவில்லை. தம் மன்றத்திற்கு வழக்குரைக்க வரும் பெண்கள் மேனியை மறைத்து வருதல் வேண்டும் என்னும் அளவோடு அமைந்தார். வசீருடன் நேர்ந்த பிணக்கினால் 1344இல் தீவை விட்டகன்றார்.

இலங்கையில் பாவா ஆதம் மலையைக் கண்டபின், கப்பல் சேதமுற்றுத் தமிழகக் கரையை அடைந்தார். மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்கு உறவினர். தில்லியில் அவர் மணந்த பெண்மணியின் உடன்பிறந்தாளே சுல்தானின் துணைவி. ஆயினும், சிறைப்பட்டோரையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் சுல்தான் கொல்வித்தபோது, இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தார். அச்செயலை இழிவென்றே தம் நூலிலும் பதிந்தார்.

1352இல் சகாராவைக் கடந்து, மாலிப் பேரரசின் எல்லையிலிருந்த வலாத்தாவை அடைந்தார். அங்கு நண்பர் ஒருவரின் இல்லம் சென்றபோது, அவர் மனைவி வேற்று ஆடவர் ஒருவருடன் உரையாடிக்கொண்டிருந்தார். நண்பரோ மார்க்கச் சட்டம் அறிந்தவர், மக்ரிபிலும் வாழ்ந்தவர். தம் ஊரில் அத்தகைய நட்பு ஐயத்திற்கு இடமற்றது என அவர் விளக்கியும் இப்னு பதூதா ஏற்கவில்லை. பன்முறை அழைக்கப்பட்டும் மீண்டும் அவ்வில்லத்தின் வாயிலை மிதிக்கவில்லை. எனினும் மாலி மக்கள் தொழுகையைப் பேணியதையும், பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்வதில் காட்டிய அக்கறையையும், அந்நாட்டில் வழிப்போக்கர்க்கு இருந்த பாதுகாப்பையும் மனம் திறந்து பாராட்டினார்.

இவையனைத்தும் 1355இல் எழுதி முடிக்கப்பெற்ற அவருடைய பயண நூலால் நாம் அறிவன. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுவோரிடையேயும் நடையும் உடையும் உறவுமுறையும் வேறுபடும் என்பதை அந்நூல் காட்டுகிறது. தமக்கு ஒவ்வாததை அவர் ஒவ்வாதென்றே எழுதினார். அதன்பொருட்டு அம்மக்களின் நற்பண்பை மறைத்தாரில்லை. உறவினர் என்பதற்காகக் கொடுமைக்குத் திரையிட்டாருமில்லை. கடல்கடந்து பணிபுரியச் செல்லும் நம் மாணவச் செல்வங்கள், பெட்டியில் இடம் கொள்ளாத இவ்விரண்டையும் உடன்கொண்டு செல்வார்களாக.