சென்னையில் கப்பலேறிய கத்தனார்

முதல்முறையாகக் கடல்கடந்து பல தேசம் செல்ல ஆயத்தமாகும் குடும்பங்கள் நம் அசோக் நகரிலும் உண்டல்லவா? பாறேம்மாக்கல் தோமா கத்தனாரின் பயணத்தைக் கேளுங்கள்.

கேரளத்தின் கடநாட்டில் 1736-ல் பிறந்த இக்குருவானவர், பிளவுபட்டுக் கிடந்த தோமையார் கிறிஸ்தவர்களை ஒன்றுசேர்க்க வேண்டி, கரியாட்டில் யோசேப்பு சுவாமியோடு உரோமாபுரிக்குப் புறப்பட்டார். வழிச்செலவுக்கு விசுவாசிகள் பணம் கொடுத்தார்கள். கன்னியாகுமரி வழியாய் நம் சென்னப்பட்டணம் வந்து, 1778 நவம்பரில் கப்பலேறினார்கள். பிரேசில் போக யாரும் எண்ணவில்லை. காற்று அங்கே கொண்டுபோயிற்று. (காற்றுக்கு நம் ஏற்பாடு தெரியுமா!) லிஸ்பன் சேர எட்டு மாதம், 1780-ல் உரோமை.

லிஸ்பனில் கரியாட்டில் சுவாமி கொடுங்கல்லூர் அதிமேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். ஆனால் 1786-ல் திரும்புகையில், ஊர் சேருமுன் கோவாவிலேயே மரித்தார். பொறுப்பு கத்தனாரிடம் வந்தது. 1799-ல் இறக்கும்வரை சுமந்தார். இப்பயணத்தை அவர் மலையாளத்தில் எழுதிய வர்த்தமானப் புஸ்தகம் 1936-ல்தான் அச்சேறியது.