விமானத்துக்குச் சிறகு தைத்தவர்

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ரைட் சகோதரர்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அண்ணன் வில்பர் ரைட் தையல் மெஷின் முன் உட்கார்ந்து, விமானத்தின் இறக்கைத் துணியைத் தம் கையாலேயே தைத்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்தத் துணி வில்பரைப் பெரும் குழப்பத்தில் ஆழ்த்தியது. கடைசியில் அதுவே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. அந்தக் கதை இது.

காகித வௌவால்

வில்பர் 1867-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை மில்ட்டன் ரைட் ஒரு பாதிரியார். தாய் சூசன் கைவேலையில் கெட்டிக்காரர். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களை அவரே செய்து கொடுப்பார்.

1878-ல் தந்தை வெளியூர் போய் வந்தபோது ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், மெல்லிய காகிதம் ஆகியவற்றால் செய்தது. ரப்பர் கயிற்றை முறுக்கிவிட்டால் விர்ரென்று மேலே கிளம்பிக் கூரையில் போய் முட்டும். வில்பருக்கு அப்போது வயது 11. தம்பி ஆர்விலுக்கு 7. இருவரும் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள்.

காகிதம் எத்தனை நாள் தாங்கும்? பொம்மை சீக்கிரமே கிழிந்துபோனது. சிறுவர்கள் சும்மா இருக்கவில்லை. அதைப் பார்த்து வேறு பொம்மைகள் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது சரியாகப் பறக்கவில்லை. காரணம் அப்போது அவர்களுக்குப் புரியவில்லை.

இருண்ட ஆண்டுகள்

வில்பர் படிப்பில் சூரர். பெரிய கல்லூரியில் சேர்ந்து படிக்க ஆசைப்பட்டார். அந்த ஆசையில் மண் விழுந்தது. விளையாட்டின்போது ஒருவன் வீசிய மட்டை முகத்தில் அடித்து, முன்பற்கள் போயின. உடல்நலம் கெட்டது. கல்லூரிப் பேச்சே நின்றுபோனது.

அந்த நேரத்தில் தாய்க்குக் காசநோய். வில்பர் வீட்டிலேயே இருந்து தாயைக் கவனித்துக் கொண்டார். 1889-ல் தாய் இறந்தார்.

பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து அச்சகம் நடத்தினார்கள். 1892-ல் டேட்டன் நகரில் சைக்கிள் கடை திறந்தார்கள். இருவரும் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அரக்குப் பூசிய பட்டம்

1896-ல் ஜெர்மனியில் ஒட்டோ லிலியெந்தால் என்பவர், இறக்கை கட்டிக் குன்றிலிருந்து பறந்தபோது விழுந்து இறந்தார். அந்தச் செய்தி வில்பரின் பழைய ஆசையைக் கிளறிவிட்டது.

1899-ல் அவர் ஒரு பெரிய பட்டம் செய்தார். இறக்கை 5 அடி. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்து ஒட்டி, அதன்மேல் அரக்குப் பூசினார். நம் நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியிடமிருந்து கிடைக்கிறதே, அதே அரக்குதான்.

எதற்காக அரக்கு? துணி என்பது நூலால் ஆனது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். அந்த வழியாகக் காற்று ஒழுகிப் போனால் இறக்கையின் வலு குறையும். அரக்கு அந்த ஓட்டைகளை அடைக்கும்.

மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு இந்த வேலை தெரியும். மெல்லிய காகிதத்தை இறக்கைச் சட்டத்தில் ஒட்டுவார்கள். லேசாகத் தண்ணீர் தெளிப்பார்கள். காய்ந்ததும் காகிதம் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாகிவிடும். பிறகு டோப் என்னும் பூச்சு மருந்தைத் தூரிகையால் தடவுவார்கள். ஓட்டை அடைபடும், ஈரமும் ஏறாது. ஆனால் அளவு மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் காகிதம் அதிகமாகச் சுருங்கி இறக்கையே கோணிப்போகும்.

டேட் வீட்டுத் தையல் மெஷின்

1900-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஆள் ஏறிப் பறக்கும் கிளைடரைச் சோதிக்க வில்பர் கிளம்பினார். கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். கிட்டி ஹாக் என்ற கடற்கரைக் கிராமம் அதற்கு ஏற்ற இடம். அங்கே காற்று பலமாக வீசும். விழுந்தாலும் மணல்தான்.

வழியில் ஒரு சங்கடம். இறக்கைக்கு 18 அடி நீளச் சட்டம் தேவை. தேடி அலைந்தும் 16 அடிச் சட்டம்தான் கிடைத்தது. துணியோ 18 அடிக்கு ஏற்றபடி முன்பே தைத்து வந்தது!

வில்பர் மனம் தளரவில்லை. தாம் தங்கியிருந்த டேட் என்பவர் வீட்டில் தையல் மெஷினை இரவல் வாங்கினார். துணியை நடுவில் வெட்டிக் குறைத்து, தாமே மறுபடி தைத்தார்.

கிளைடர் பறந்தது. ஆனால் கணக்குப்படி தூக்கவேண்டிய எடையைத் தூக்கவில்லை. ஊர் திரும்பும்போது அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். டேட்டின் மனைவி இறக்கைத் துணியைப் பிரித்தெடுத்து, தம் இரண்டு பெண்களுக்கும் கவுன் தைத்துப் போட்டார்!

குற்றவாளி யார்?

கிளைடர் ஏன் எடையைத் தூக்கவில்லை? வில்பர் யோசித்தார். மூன்று சந்தேகங்கள் எழுந்தன. இறக்கையின் வளைவு போதாதோ? துணி வழியாகக் காற்று ஒழுகுகிறதோ? அல்லது, அறிஞர்கள் எழுதிவைத்த கணக்கே தவறோ?

முதல் இரண்டும் தம் கைவேலையில் உள்ள குறை. அவற்றைச் சரிசெய்வது என்று முடிவு செய்தார். வளைவை மாற்றிப் பார்ப்பது, துணியைக் காற்றுப் புகாதபடி செய்வது என்று திட்டம் போட்டார்.

1901-ல் 22 அடி இறக்கையுடன் புதிய கிளைடர் தயாரானது. அதுவும் ஏமாற்றியது. கணக்கில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு எடையைத்தான் தூக்கியது. வில்பர் மனம் உடைந்தார். தம் வாழ்நாளில் மனிதன் பறக்கப்போவதில்லை என்று தம்பியிடம் சொல்லி வருந்தினார்.

பாக்கி இருந்தது மூன்றாவது சந்தேகம். சைக்கிள் கடை வைத்திருப்பவர் பெரிய பெரிய அறிஞர்களின் கணக்கைச் சந்தேகப்படுவதா? வில்பர் துணிந்தார். கடையிலேயே 6 அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். ஒரு முனையில் விசிறி வைத்துக் காற்றை ஓடவிட்டார்கள். உள்ளே, இரும்புத் தகட்டில் வெட்டிய சின்னஞ்சிறு மாதிரி இறக்கைகளை வைத்தார்கள். ரம்பத் தகடும் சைக்கிள் கம்பியும் கொண்டு ஒரு தராசு செய்து, காற்றின் தூக்குவிசையை அளந்தார்கள். சுமார் 200 வகை இறக்கைகளைச் சோதித்தார்கள்.

உண்மை வெளிவந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரும் நம்பிவந்த ஒரு எண் தவறு! காற்றின் அழுத்தத்துக்கு 0.005 என்று வைத்துக் கணக்குப் போட்டு வந்தார்கள். சரியான எண் சுமார் 0.0033-தான். பெரிய குற்றவாளி துணி அல்ல, அந்த எண்ணே!

வானில் 59 விநாடி

1902-ல் மறுபடி தையல் வேலை. வில்பர் வீட்டில் மணிக்கணக்காக மெஷினை ஓட்டினார். ஆர்வில் தரையில் குந்திக்கொண்டு, தைக்கவேண்டிய இடங்களில் குறி போட்டார்.

இந்தத் தடவை நெருக்கமாக நெய்த சாதாரண மஸ்லின் துணி. நூல் சட்டத்துக்குச் சாய்வாக வரும்படி துணியை அமைத்தார்கள். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்வார்களே, அந்த முறை. இதனால் துணியே இறக்கையை இழுத்துப் பிடித்து வலுவூட்டியது. அரக்குப் பூசவில்லை, வேறு எந்தப் பூச்சும் இல்லை. புதிய கணக்குப்படி செய்த அந்தக் கிளைடர் 600 அடிக்கு மேல் பறந்தது.

1903 டிசம்பர் 17. எஞ்சின் பொருத்திய விமானம், அதே மஸ்லின் இறக்கையுடன் எழும்பியது. முதலில் ஆர்வில் 12 விநாடி பறந்தார். நான்காவது முறை வில்பர் 59 விநாடி பறந்து 852 அடி கடந்தார். உலகம் மாறிவிட்டது!

1908-ல் பிரான்சில் வில்பர் வட்டமடித்துப் பறந்தபோது, சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் ஆயுள் நீளவில்லை. 1912 மே 30-ந் தேதி டைபாய்டு காய்ச்சலில் வில்பர் காலமானார். வயது 45.

துணியின் பயணம்

1913-ல் டேட்டன் நகரில் பெருவெள்ளம். பெட்டியில் கிடந்த அந்த விமானம் பல நாள் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்தது. பின்னர் ஆர்வில் அதைச் செப்பனிட்டுப் புதுத் துணி போட்டார். பழைய துணியைப் பத்திரப்படுத்தினார்.

1969-ல் மனிதன் முதன்முதல் நிலாவில் இறங்கியபோது, அந்தப் பழைய துணியில் ஒரு துண்டு உடன் போனது. 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த சிறிய ஹெலிகாப்டரிலும் ஒரு சிறு துண்டு ஒட்டப்பட்டிருந்தது.

கடையில் முழம் போட்டு வாங்கிய பருத்தித் துணி! அதைக் குறைசொல்லிவிட்டு வில்பர் ஒதுங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தம் தையலையும் சோதித்தார். பெரியவர்கள் போட்ட கணக்கையும் சோதித்தார். அதனால்தான் மனிதனுக்குச் சிறகு முளைத்தது.