சிரிக்க வைத்த பீர்பால்

அக்பர் பீர்பால் கதை என்றவுடனே நம் முகங்களில் புன்னகை அரும்பிவிடுகிறது. பேரரசர் புதிர் ஒன்றைப் போடுவார். அவையினர் திகைத்து விழிப்பர். பீர்பால் எளிதில் விடுவிப்பார். கதைகளில் அவர் தோற்றதே இல்லை. இத்தகைய ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தாரா என்று மாணவச் செல்வங்கள் நம்மிடம் வினவுவதுண்டு. வாழ்ந்தார். அவ்வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றோம்.

பீர்பாலின் இயற்பெயர் மகேஷ் தாஸ். 1528ஆம் ஆண்டில், வட இந்தியாவில் யமுனையாறு பாயும் கால்பிப் பகுதியில், எளிய அந்தணர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிரஜ் மொழியில் கவி புனைவதில் வல்லவராக விளங்கினார். 1556இல் சிறு வயதிலேயே அரியணை ஏறிய அக்பர், தம்மினும் பதினான்கு ஆண்டு மூத்த இப்புலவரைத் தம் அவையில் சேர்த்துக் கொண்டார். முதலில் கவிராயர் பட்டமும், பின்னர் ராஜா பீர்பர் என்னும் பட்டமும் அளித்தார். பீர்பர் என்பது சிறந்த வீரர் எனப் பொருள்படும். நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவருக்கு வாய்த்த பட்டத்தைப் பாருங்கள்! அதுவே மக்கள் நாவில் பீர்பால் ஆயிற்று.

நாம் படித்து மகிழும் கதைகளுள் பெரும்பாலானவை அக்கால வரலாற்று நூல்களில் காணப்படுவன அல்ல. பிற்காலத்து மக்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தவை. கிச்சடிக் கதையை அறியாதார் யார்? கடுங்குளிரில் இரவு முழுதும் குளத்து நீரில் நின்றான் ஓர் ஏழை. தொலைவில் எரிந்த அரண்மனை விளக்கின் வெப்பத்தால் பிழைத்தான் என்று காரணம் காட்டி, அவனுக்குரிய பரிசை அக்பர் மறுத்துவிட்டார். மறுநாள் பீர்பால் அவைக்கு வரவில்லை. பேரரசர் சென்று பார்த்தபோது, உயரத்தில் பானையைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் சிறு நெருப்பு மூட்டி, கிச்சடி வேகட்டும் என்று காத்திருந்தார் அவர்! ஏழைக்குப் பரிசு கிடைத்தது. உழைத்தவன் கூலியை இழக்கலாகாது என்னும் ஏக்கம் இக்கதையுள் ஒளிந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

கதை ஒருபுறமிருக்க, இருவரிடையே நிலவிய நட்பு மெய்யானது. ஒருமுறை யானைப்போர் நிகழ்ந்த களத்தில், வெறிகொண்ட யானையொன்று பீர்பாலை நோக்கிப் பாய்ந்தது. அக்பர் தம் உயிரையும் பொருட்படுத்தாது குதிரையைக் குறுக்கே செலுத்தி நண்பரைக் காத்தார்.

1586இல் வடமேற்கு மலைநாட்டு யூசுப்சாய் குலத்தார் பணிய மறுத்தனர். அவர்களை அடக்கப் போரிட்டுக் கொண்டிருந்த படைக்குத் துணைப்படை தேவைப்பட்டது. அதனுடன் செல்ல அறிஞர் அபுல் பசலும் விரும்பினார், பீர்பாலும் விரும்பினார். திருவுளச்சீட்டுப் போடப்பட்டது. பீர்பாலின் பெயர் வந்தது.

மலைநாட்டை அடைந்தபின் தளபதிகளிடையே ஒற்றுமை இல்லை. பாசறையில் நிலைத்து நிற்கலாம் என்றார் தளபதி சைன் கான். விரைந்து திரும்பிவிடவே பீர்பால் விரும்பினார். சொல்வன்மையால் அவையை வென்றவருக்குப் போர்க்களப் பழக்கம் போதவில்லை போலும். குறுகிய கணவாய் வழியே படை சென்றபோது, மேலிருந்து கற்களும் அம்புகளும் பொழிந்தன. இருளில் வழி தவறி வீரர் பலர் மாண்டனர். பீர்பாலும் மாண்டார்.

செய்தி கேட்ட அக்பர் இரண்டு நாள் உணவைத் தொடவில்லை. உயிர் தப்பி வந்த தளபதிகளைக் காணவும் மறுத்தார். நண்பரின் உடலேனும் கிடைக்காதா என ஏங்கினார், கிடைக்கவில்லை. அதனால் பீர்பால் உயிரோடிருக்கிறார், துறவியாகத் திரிகிறார் என்றெல்லாம் வதந்திகள் கிளம்பின. அவற்றையும் நம்பிப் பேரரசர் ஆளனுப்பித் தேடச் செய்தார்.