மருந்தை எழுதி வைத்த மன்னர்

ஒரு மன்னருக்கு நாடு இல்லை. படை இல்லை. அவர் மக்களுக்கு என்ன செய்ய முடியும்?

செய்து காட்டினார், தஞ்சை சரபோஜி மன்னர்.

சரபோஜி 1777-ம் ஆண்டு பிறந்தார். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜா, 1787-ல் அவரைத் தத்து எடுத்தார். அந்த ஆண்டே துளஜா இறந்துவிட்டார். சரபோஜியோ சிறுவன். சிற்றப்பா முறையான அமர்சிங், அரியணை ஏறினார்.

அநாதையாக நின்ற சிறுவனை சுவார்ட்ஸ் பாதிரியார் காப்பாற்றினார், படிக்க வைத்தார்.

நாடு போயிற்று

1798-ல் சரபோஜிக்குப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனி உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டது. காவிரி பாயும் நெல் வயல்கள் எல்லாம் கம்பெனி ஆட்சிக்குப் போயின. மன்னருக்குத் தஞ்சைக் கோட்டையும், வருமானத்தில் ஒரு பங்கும்தான் மிச்சம்.

அந்தப் பணத்தை அவர் நல்ல வழியில் செலவிட்டார். ஒரத்தநாட்டில் முத்தம்மாள் சத்திரம் கட்டினார். ராமேசுவரம் போகும் ஏழைகளுக்கு அங்கே சோறு போட்டார்கள். நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார்கள்.

தன்வந்திரி மகால்

அந்தக் காலத்தில் நல்ல மருந்துகள் பல, குடும்ப ரகசியமாக இருந்தன. தகப்பன் மகனுக்குச் சொல்வான். சொல்லாமல் இறந்தால் மருந்தும் அவனோடு போய்விடும்.

இதை மாற்ற நினைத்தார் மன்னர். தஞ்சையில் தன்வந்திரி மகால் என்ற மருத்துவ சாலையை ஏற்படுத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகியவற்றில் வல்லவர்களை ஒன்று சேர்த்தார். வைத்தியமும் நடந்தது, ஆராய்ச்சியும் நடந்தது. எந்த மருந்து எந்த நோய்க்குக் கேட்கிறது என்று பார்த்தார்கள். பலன் தந்த மருந்துகளை எழுதி வைத்தார்கள்.

மன்னருக்குக் கண் வைத்தியத்தில் தனி அக்கறை. கண்புரைக்கு அறுவை சிகிச்சையும் நடந்தது. நோயாளிக்கு என்ன குறை, என்ன சிகிச்சை என்று குறித்தார்கள். நோய் கண்ட கண்ணை வர்ணப் படமாகவே வரைந்து வைத்தார்கள்! அடுத்து அதே நோயோடு வருகிறவருக்கு வைத்தியம் பார்க்க, அந்தக் குறிப்பு வழிகாட்டும் அல்லவா?

பாட்டில் மருந்து

கண்ட பலனை மன்னர் பூட்டி வைக்கவில்லை. புலவர்களைக் கொண்டு தமிழ்ப் பாட்டாக எழுதச் செய்தார். பாட்டாக இருந்தால் மனத்தில் நிற்கும். அவை 'சரபேந்திர வைத்திய முறைகள்' எனப் பெயர் பெற்றன. பிற்காலத்தில் புத்தகமாகவும் அச்சாயின.

1832-ல் சரபோஜி காலமானார். 1855-ல் அவர் மகன் சிவாஜியும் இறந்தார். ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி, மிஞ்சியிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.

அரசு போயிற்று. எழுதி வைத்த மருந்து போகவில்லை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் அந்தக் கண் படங்கள் இன்றும் இருக்கின்றன.